பாட்டுக்கு அடியில் போன பேச்சு

வியாழன், பௌர்ணமி.

கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்கவில்லை. ஸ்டுடியோவுக்கு நடந்தே போனேன். எங்கள் கல்யாண டிவிடி மூன்றும் இப்போது திக்கித் திக்கித்தான் ஓடுகின்றன. ப்ளூ-ரே டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம் என்று மகள் கயல் நச்சரிக்கிறாள். அவள் அப்பா போன பிறகு அவளுக்கு அதுதானே மிச்சம்.

ஸ்டுடியோக்காரர் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். "மாத்திடலாங்க. படம் பளிச்சுனு தெரியும்."

"அவரு பேசுறது கேக்குமா?"

"இதுல பேச்சு ஏதுங்க? அப்பல்லாம் பேச்ச எடுத்துட்டுதான் பாட்டு போடுவாங்க."

தெரிந்தேதான் கேட்டேன். "பேச்சு எதுக்கு, பாட்டு ஜாஸ்தியா போடுங்க" என்று அன்று வீடியோக்காரரிடம் சொன்னதே என் வீட்டுக்காரர்தான். மாலை மாற்றியது முதல் பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டு.

யோசித்துச் சொல்கிறேன் என்று டிஸ்க்குகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

சாப்பிட்டதும் கயல் அதில் ஒன்றைப் போட்டாள். அக்கினியைச் சுற்றி வரும்போது அவர் குனிந்து என் காதில் ஏதோ சொல்கிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன். அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, அப்பா இங்க என்ன சொன்னாரு?"

"புது டிஸ்க் வரட்டும், சொல்றேன்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படம் பளிச்சென்று தெரிந்தால் உதடு அசைவதை வைத்தாவது கண்டுபிடிக்க முடியுமா, தெரியவில்லை.

பாட்டு அந்தப் பேச்சை அழித்தது டிஸ்க்கில்தான். அவர் சொன்னது என் காதில். எனக்கே ஞாபகம் இல்லை.