மாது பெயரில் மேடை ஏறிய செல்லி

நல்லம்பள்ளி
14-5-1968

அன்புள்ள மாப்பிள்ளை வெங்கடாசலத்துக்கு, உன் தாய்மாமன் நஞ்சப்பன் எழுதிக்கொள்வது. இங்கு மாடு கன்று உட்பட யாவரும் சுகம். பட்டாளத்தில் உனக்குச் சோறு ஒத்துக்கொள்கிறதா?

உன் தங்கை செல்லி ஒருநாள் மேடை ஏறுவாள் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே சொன்னவன் நான். சொன்னபடியே திருவிழா நாடகத்தில் நடந்துவிட்டது. அரூரிலிருந்து சேலம் வரைக்கும் அந்த நாடகப் பேச்சுதான்.

ராணி வேஷம் கட்டுகிற பையன் மாதுவுக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். ஒத்திகை எல்லாம் உங்கள் களத்துமேட்டில்தானே, கேட்டுக் கேட்டே செல்லிக்கு அத்தனை வசனமும் மனப்பாடம். ஆனால் விழாத் தலைவர் உன் அப்பா ஆயிற்றே. பொம்பளை மேடை ஏறினால் நாடகத்தையே நிறுத்துவேன் என்கிற மனுஷர். அதனால் நானும் ஆர்மோனியம் கவுஸ் பாஷாவும் அவளுக்கு மஞ்சள் அரிதாரம் பூசி, மாது என்றே ஏற்றிவிட்டோம். யோசனை முழுக்க என்னுடையது.

கதையில் ராணி மீசை ஒட்டிக்கொண்டு வாலிபனாக அரசவைக்கு வருகிறாள். ராஜாவோ, "தம்பி, நீ எந்த ஊர்?" என்கிறான். உன் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஒரே வூட்டுல இருக்கறவள அடையாளம் தெரியாதவனெல்லாம் ஒரு ராஜாவா, நஞ்சப்பா?" என்றார். "வேஷம் அப்படிங்க மச்சான்" என்று துண்டால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் அவள் தலைப்பாகையை அவிழ்த்தாள். கூந்தல் இடுப்பு வரைக்கும் விழுந்தது. மச்சான் சிரிப்பு நின்றது. யாரும் கேட்காமலே, "மாதுவுக்கு டோப்பா நல்லதா வாங்கியிருக்காங்க" என்றார்.

முடிவில் வழக்கப்படி தலைவராக மேடையேறித் துண்டு போர்த்தினார். போர்த்தும்போது அவள் காதில், "என் பொண்ணுடி நீ" என்றார்.

மறுநாள் காலையில் அவளைப் பார்த்து, "காதோரம் மஞ்சள் ஒட்டியிருக்குது, கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

பாலக்கோட்டுக்காரர்கள் அடுத்த நாடகத்துக்கு அதே மாதுதான் வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். "மாது வூட்டுல போய்க் கேளுங்க, எனக்கென்ன" என்று உன் அப்பா கையைக் காட்டிவிட்டார். செல்லிக்குச் சோறு இறங்கவில்லை.

நீ உடனே அப்பாவுக்குக் கடுதாசி போடு. உன் பேச்சை அவர் தட்டமாட்டார். செல்லியைச் செல்லி என்றே அனுப்பச் சொல். நீ நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக ஊர் திரும்பி அவளை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அவர்தான் காதில் சொல்லிவிட்டாரே என்று சும்மா இருந்துவிடாதே. அந்த ஒரு பேச்சு நான் சேர்த்தது, மாப்பிள்ளை. அவர் சொன்னது, "நல்லா நடிச்சடா மாது." சொல்லும்போது குரல் உடைந்தது. அது நிஜம்.

இப்படிக்கு,
நஞ்சப்பன்