மீசை வரையாத போஸ்டர்

டேய் முட்டைக்கண்ணு, என் டெனிசு மாமு,

நல்லா கீறியான்னு கேக்கத்தான் கை போச்சு. எழுதிட்டு அழிச்சிட்டேன். இதை நெட்ல நம்ம மன்றத்துப் பக்கத்துலதான் போடப் போறேன், எல்லாரும் படிப்பாங்க. படிக்கட்டும். பேசுறது உன்கிட்ட, அவங்க ஓரமா நின்னு கேட்டுக்கட்டும்.

முதல்ல ஏரியா நியூஸ். சர்ச் பக்கத்துச் சுவத்துல ஒட்டின உன் போஸ்டரை மாடு தின்னுடுச்சு. மைதா பசை இல்லையா, அதுக்கு டிபன். ஒரு கண்ணு மட்டும் மிச்சம். வெளிச்சம் விழுந்த மாதிரி ரெண்டு வெள்ளைப் புள்ளி வைப்பியே, அந்தப் புள்ளியோட அப்படியே இருக்கு. டியூஷனுக்கு அதைத் தாண்டித்தான் போறேன். ஒண்ணும் தோணலை. சுவத்துல ஒரு கண்ணு இருக்கு, அவ்ளோதான்.

எனக்கு இன்னும் அழுகை வரலை மாமு. உள்ளே ஏதோ வயரைப் பிடுங்கி வுட்ட மாதிரி இருக்கு. ஜோக்கு மட்டும் வருது, விக்கல் மாதிரி, நான் கேக்காமலேயே.

மன்றம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு புதுசா சேர்ந்தவங்க கேக்கிறாங்க. உன் முன்னாடியே சொல்றேன். தப்பா சொன்னா குறுக்கே பேசு.

டிவியில வர்ற ஜப்பான் கார்ட்டூனைப் பார்த்துட்டு நீ ரஃப் நோட்டு பூரா பெரிய பெரிய கண்ணா வரைவே. டிராயிங் சார் அதைத் தூக்கிப் பிடிச்சு, "இது இன்னா மூஞ்சியாடா, முட்டை போண்டாவா?"ன்னு கேட்டார். உன் பட்டப்பேரு அன்னிக்கு வந்தது. வண்ணாரப்பேட்டை பாய் கடையில, பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, இந்த மாதிரி வரையறவங்க உலகம் பூரா இருக்காங்கன்னு கண்டுபிடிச்சோம். நீ ஒரு இங்கிலீஷ் சைட்டுல உன் படம் ஒண்ணைப் போட்டே. எவனோ ஒருத்தன், எந்த நாடோ, நீ வரைஞ்ச கையைப் பத்தி நீளமா எழுதியிருந்தான். நீ டிக்‌ஷனரி வச்சுக்கினு படிச்சே. பாதிக்கு மேல புரியலை.

"இத்தையே தமிழ்ல சொல்லியிருந்தா நாளைக்கே கையைத் திருத்திடுவேன்ல மாமு?"ன்னு கேட்டே.

அந்தக் கேள்விதான் மன்றம். நம்ம ஏரியாவுல தடுக்கி விழுந்தா ஏதாவது ஒரு ரசிகர் மன்றத்து போர்டு மேலதான் விழணும். வரையறவனுக்கு மட்டும் ஒண்ணு கிடையாது. நெட்ல ஓசியில கிடைச்ச இடத்துல ஒரு பக்கம் தொறந்து, 'முட்டைக்கண்ணு மன்றம்'னு பேரு வச்சோம். நீ தலைவர். எனக்கு வரைய வராது, வாய்தான் வரும், அதனால நான் செயலாளர். பொருளாளரும் நானே. பொருளும் இல்லை, ஆளும் இல்லை, அப்புறம் யாரு? சட்டம் நீ போட்டது: எவன் படம் போட்டாலும் கையைப் பத்தி ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியே ஆகணும். வெறுமனே 'சூப்பர்'னு எழுதினா வெளியே.

ஜனங்க வந்தாங்க. எங்கெங்கேயோ தனியா உக்காந்து வரைஞ்சுக்கினு, வூட்ல திட்டு வாங்கிக்கினு இருந்தவங்க. சேலத்துல இருந்து ஒரு பொண்ணு, பூனைமீசைன்னு பேரு வச்சுக்கிட்டு. தூத்துக்குடியில இருந்து ஒரு அண்ணன், வேலைக்குப் போறவர், கை மட்டும் அவ்ளோ அழகா வரைவார்.

பூனைமீசை பிளஸ் டூ பரீட்சைக்காக லீவு கேட்டப்போ நீ ஒரு போஸ்டர் வரைஞ்சே. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவுல முட்டைக்கண்ணோட அவ மூஞ்சி, சுத்தி மேகம், ரெண்டு புறா. கீழே நான் எழுதினேன்: 'வேதியியலால் அகால மரணம்.' பரீட்சை முடிஞ்சு வந்தவ, அந்தப் படத்து மூஞ்சியில பெருசா ஒரு மீசையை வரைஞ்சு திருப்பிப் போட்டா. 'செத்தவள் வந்துவிட்டேன்.' அதுல இருந்து அதுவே பழக்கமாயிடுச்சு. பரீட்சைக்குப் போறவங்களுக்கு அஞ்சலி போஸ்டர், திரும்பி வந்தா அவங்களே வந்து மீசை. போன எல்லாருமே திரும்பி வந்தாங்க.

அப்புறம் நீ. சைக்கிள்ல பாய் கடைக்கு வந்துக்கினு இருந்தே. எண்ணூர் ரோடு, கண்டெய்னர் லாரி. அதுக்கு மேல எழுத மாட்டேன், நம்ம ஏரியாவுல யாருக்கும் சொல்லத் தேவையும் இல்லை. ஸ்கேன் பண்ண எடுத்துட்டு வந்த படங்க கேரியர்லயே இருந்துச்சு. ஒண்ணுகூட கசங்கலை.

தெருப் பசங்க போஸ்டர் அடிக்க போட்டோ கேட்டு உங்க வூட்டுக்கு வந்தாங்க. உன் போட்டோ எதை எடுத்தாலும் போலீஸ் புடிச்சுக்கினு போனவன் மாதிரி முறைக்கிறே. உங்கம்மா அத்தனையும் ஒதுக்கிட்டு, நீ உன்னையே வரைஞ்ச படத்தை எடுத்துக் கொடுத்தாங்க.

"இத்த போடுங்கடா."

"அத்தே, இது பொம்மை மாதிரி கீதே..."

"இதுலதான்டா என் புள்ள சிரிச்சுக்கினு கீறான். வேற எதுல சிரிக்கிறான்? காட்டு, பாப்போம்."

யாரும் காட்டலை. மறுநாள் ராயபுரம் பூரா சுவத்துல முட்டைக்கண்ணோட, மேகத்துக்கு நடுவுல, நீ.

புரியுதா மாமு, அப்புறம் என்ன ஆயிருக்கும்னு? மாமா பையன் செல்லுல அதை போட்டோ எடுத்து மன்றத்துல போட்டேன். 'டெனிஸ் செத்துட்டான்'னு மட்டும் எழுதினேன். வேற ஒரு எழுத்து இல்லை.

'ஹாஹா, தலைவருக்கு இப்போ எந்தப் பரீட்சை?'

'சுவத்துலயே ஒட்டி போட்டோ எடுத்திருக்காங்கய்யா. உழைப்பு!'

தூத்துக்குடி அண்ணன் சட்டப்படி நடந்தார். 'கழுத்து கொஞ்சம் நீளம். கையை மறைச்சுட்டீங்க, தப்பிச்சீங்க.'

நிஜமாத்தான் சொல்றேன்னு எழுதினேன். 'நீ நிஜம்னு சொன்னா அது கண்டிப்பா பொய்'னு பூனைமீசை பதில் போட்டா, கண்ணடிக்கிற பொம்மையோட. 'தலைவரே, சீக்கிரம் மீசையோட வாங்க.' அதுக்குக் கீழே வரிசையா எல்லாரும் அதையேதான் கேட்டாங்க. மீசை எங்கே, மீசை எங்கே.

உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், என்னுது உனக்குத் தெரியும். பாய் கடையில உக்காந்து உன் பேரை அடிச்சேன். பெயின்ட்ல ஒரு மீசை, ரெண்டு கோடு போட்டிருந்தா போதும். அவங்களுக்கு நீ உசுரோட இருந்திருப்பே. எத்தனை நாளைக்கு வேணும்னாலும் இருந்திருப்பே. எனக்கும்கூட இருந்திருப்பியோ என்னவோ.

பாய் வந்து பக்கத்துல நின்னார். "இன்னா தம்பி, ஸ்கிரீனையே பாத்துகினு கீறே? ஹேங் ஆயிடுச்சா?"

"ஆமா பாய். ஹேங் ஆயிடுச்சு."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் குடுத்தார். மெஷினுக்கு அது போதும்.

ஸ்கிரீன் திரும்ப வந்தப்போ உன் பேரு அடிக்கிற பெட்டி காலியா இருந்துச்சு. அதுல நான் எதையும் அடிக்கலை. மீசை திரும்பி வந்தவங்க வரையறது. உன்னுதை நான் வரைஞ்சா, மத்தவங்க வரைஞ்சதெல்லாம் என்ன ஆவும்?

நேரா உங்க வூட்டுக்குப் போனேன். உங்கம்மா உன் பென்சில் டப்பாவைக் குடுத்தாங்க. எதுக்குன்னு கேக்கலை. தரையில உக்காந்து உன்னை வரைஞ்சேன். நான்! கண்ணு ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே. நீ பென்சில் புடிச்சிருக்கிற மாதிரி வரைஞ்ச கை ரஸ்தாளிச் சீப்பு மாதிரி வந்துச்சு. உங்கம்மா டீயைக் கீழே வச்சிட்டுக் குனிஞ்சு பார்த்தாங்க.

"இன்னா நைனா, என் புள்ளைக்கு ஆறு வெரல் போட்டுகீறே?"

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு மாமு. முந்தானையால வாயைப் பொத்திக்கினு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எந்த இடத்துல அழுகையா மாறுச்சுன்னு எனக்குத் தெரியலை. நான் டீயைக் குடிச்சேன். சக்கரை போட மறந்திருந்தாங்க.

அதை ஸ்கேன் பண்ணி உன் போஸ்டருக்குக் கீழே போட்டேன். ஒண்ணும் எழுதலை.

'இது யார் வரைஞ்சது?' பூனைமீசை.

'நான்.'

நான் வரைஞ்சா அன்னிக்கு மன்றத்தை மூடிடலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சவன் நான். அவங்களுக்கும் அது தெரியும். அதுக்கப்புறம் பக்கம் அப்படியே நின்னுச்சு. இப்போ யார் யார் படிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு கீழே சின்னதா பேரு வருமே, அதுல ஒவ்வொருத்தரா வந்தாங்க. பூனைமீசை, அண்ணன், மத்தவங்க, எல்லாரும். பேரு மட்டும் வரிசையா நிக்குது. யாரும் எழுதலை.

ஆறு விரல் மாமு. கையைப் பத்தி யாருமே ஒரு வார்த்தை சொல்லலை. தூத்துக்குடி அண்ணன்கூட. நீ போட்ட சட்டத்தை மொத்த மன்றமும் சேர்ந்து உடைச்சுது. நம்பிட்டாங்கன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. நீ செத்துட்டேன்னும் அப்பத்தான் தெரிஞ்சுது.

அப்பவும் அழுகை வரலை. வந்தா சொல்றேன்.

அஞ்சலி போஸ்டரை இனிமே நிறுத்திடலாமான்னு சிலர் கேட்டாங்க. வேணாம்னுட்டேன். நிறுத்தினா நீ என்னைத்தான் அடிப்பே. உன் போஸ்டரை மட்டும் பூட்டி வச்சிருக்கேன், யாரும் எதுவும் வரைய முடியாது. அந்த மூஞ்சி மீசை இல்லாமலே இருக்கட்டும். உனக்குத்தான் நிஜத்துலயும் இன்னும் முளைக்கலையே.

அடுத்தது என் பரீட்சை. போஸ்டர் பூனைமீசை வரையறாளாம். உன் பென்சில் டப்பா என்கிட்டத்தான் இருக்கு, திரும்பி வர்றதுக்குள்ள அஞ்சு விரல்ல ஒரு கை வரையக் கத்துக்குவேன். பரீட்சை முடிஞ்சதும் என் மூஞ்சியில நானே மீசை போட்டுக்கினு மன்றத்துக்கு வருவேன். பாஸோ ஃபெயிலோ, வருவேன் மாமு. நம்ம மன்றத்துல ஒருத்தன் வராமப் போனது போதும்.

உன் மாமு,
உங்கம்மா இப்போ 'நைனா'ன்னு கூப்பிடுற பையன்,
பாபு