உம்மாவின் கையில் ஒரே ஒரு நல்ல குழாய்

15.7.57, திங்கள்

விடியும்போதே கச்சான் காற்று. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் கட்டிலெல்லாம் மண். பெரிய ஆசுபத்திரிக்கு வந்து இன்று ஐந்தாம் நாள்.

வாப்பா வந்தால் கேட்க வேண்டியவை: உம்மாவின் பழைய சேலை இரண்டு. எனக்கு ஒரு சட்டை. தேங்காயெண்ணெய். சோறு எனக்கு மட்டும். உம்மாவுக்கு வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது.

உம்மாவுக்கு மூன்று வருட வயிற்றுவலி. ஊரில் ஒருவர் வாய்வு என்றார், ஒருவர் குடற்புண் என்றார். இங்கே படம் பிடித்துப் பார்த்தார்கள். இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பாம். அதற்குள் கல். அதன் மேல் தண்ணீர் கட்டிய பை, இளநீர்க் குரும்பை அளவு. வருகிற திங்கள் ஆபரேஷன்.

அதுவரைக்கும் போத்தல் தண்ணீர்தான் உம்மாவின் சாப்பாடு. தலைகீழாகத் தொங்கும் கண்ணாடிப் போத்தல், றப்பர் குழாய், நடுவில் இறுக்கவும் தளர்த்தவும் ஒரு கிளிப், நுனியில் ஊசி. இடது கையில் ஏற்றுகிறார்கள். வலது கையில் ஏற்ற முடியாது. சத்து ஊசி, சத்து ஊசி என்று ஊரில் மூன்று வருடமாகக் குத்தி அந்தக் கையின் இரத்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டார்கள். சத்து எங்கே போனது? உம்மா எலும்பும் தோலுமாக இருக்கிறார்.

பெரிய டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்தவர். இன்று என்னைப் பார்த்துக் கதைத்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, கணையத்துக்கு முதுகுப் பக்கமாய்ப் பெரிய இரத்தக் குழாய்கள் ஓடுது. அதுக்குக் கிட்டத்தான் நான் வெட்ட வேணும். இரத்தம் போச்சுதெண்டால் அந்தக் கணமே உள்ளுக்குத் தண்ணியும் இரத்தமும் விட வேணும். அதுக்கு இந்தக் கையில ஒரு குழாய்தான் இருக்கு. இதைக் கண் மாதிரிப் பார்க்க வேணும். விளங்கிச்சோ?"

தலையை ஆட்டினேன்.

உப்புத் தண்ணீர்தான் இப்போதைக்கு, நிமிடத்துக்கு முப்பது சொட்டு, கூடினால் உடம்பு வீங்கும் என்று தாதி மிஸ்ஸியிடம் சொன்னார். மிஸ்ஸிக்கு முப்பது கட்டில். ஆகவே நான் எண்ணுகிறேன். உம்மாவின் தஸ்பீஹ் மாலையில் முப்பத்துமூன்று மணி, சொட்டுக்கு ஒன்று. சுவர் மணிக்கூட்டில் ஒரு நிமிடம் முடியும்போது மூன்று மணி மிஞ்ச வேண்டும். மிஞ்சுகிறது.

16, செவ்வாய்

பக்கத்துக் கட்டில் பாக்கியம் அக்கா, ஆலையடிவேம்பு ஆள். பித்தப்பையில் கல். "உங்க உம்மாட கல்லையும் என்ட கல்லையும் சேத்தா ஒரு அடுப்புக் கட்டலாம்கா" என்று இன்று காலை சொன்னார். உம்மா சிரித்து, சிரித்ததால் நொந்து, மறுபடியும் சிரித்தார்.

பா. அக்காவுக்கு இன்று குளுக்கோஸ் போத்தல் போட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது. இன்றைய கூத்தெல்லாம் இதிலிருந்துதான்.

பி.ப. 4 மணிக்கு மூத்த மாமா வந்தார். உம்மாவின் காக்கா, அண்ணன். சாய்ந்தமருதில் புடைவைக் கடை. எங்கள் வீட்டில் எதற்கும் அவர் சொல்தான் கடைசிச் சொல். வந்ததும் இரண்டு போத்தலையும் பார்த்தார்.

"அதென்ன, அங்க சீனித் தண்ணி, இஞ்ச என்ன தண்ணி?"

"உப்புத் தண்ணி" என்றார் உம்மா.

"உப்புத் தண்ணியா? நம்மட வாசலுக்கு முன்னால கடலே கிடக்கு. அதுக்கா பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்த?"

வார்டே சிரித்தது. மாமாவுக்கு யாராவது சிரித்தால் மேலும் கதை வரும். "என்ட தங்கச்சிய என்னெண்டு நினைச்சிட்டாங்க? கேக்க ஆளில்லாத புள்ளயா? சத்தானத ஏத்தச் சொல்லுறன், இரி" என்று வெளியே போனார்.

டொக்டர் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. மாமாவுக்கு முன்னால் நான் என்றைக்குக் கதைத்திருக்கிறேன்? ஏழாம் வகுப்பில் பள்ளியால் நிற்பாட்டியதும் அவர்தான். அன்றும் கதைக்கவில்லை.

17, புதன்



பெரிய டொக்டர் இரண்டு நாள் வேறு ஆசுபத்திரிக்குப் போயிருக்கிறார். வயது குறைந்த டொக்டர்தான் இருக்கிறார். காலையில் மாமா அவரைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சல், பிறகு சத்தம், பிறகு மறுபடி கெஞ்சல். சின்ன டொக்டர், "சரி காக்கா, ஒரு போத்தல் குளுக்கோஸ் போட்டு விடச் சொல்றன்" என்று துண்டில் எழுதினார். போத்தல் வந்தது. எனக்கு இங்கிலீசு தெரியாது. இலக்கம் தெரியும். பா. அக்காவின் போத்தலில் 5. உம்மாவின் போத்தலில் 25.

மிஸ்ஸியிடம் கேட்கப் போய்த் திரும்பி வந்தேன். இரண்டு தரம் போய் இரண்டு தரமும் திரும்பி வந்தேன். வெட்கமாம் எனக்கு. எதற்கு வெட்கம்? 25 என்று வாசிப்பது வெட்கமா?

மத்தியானம் உம்மா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா உம்மா?"

"கொஞ்சம். சத்து இறங்குதுதானே. ஸபுர் செய்து பொறுக்கத்தான் வேணும்."

பி.ப. 4.30. மாமா வந்து போத்தலைப் பார்த்தார். பாதிகூட இறங்கவில்லை. "என்ன இது, கஞ்சன் எண்ணெ ஊத்துற மாதிரி. மணி அடிச்சா எங்களப் போகச் சொல்லுவாங்க. நாங்க போனதும் கழட்டி வேற ஆருக்கும் போட்டுருவாங்க" என்றார். சொல்லிக்கொண்டே கிளிப்பைத் தளர்த்தினார். என் கண் முன்னால். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிய விரலால்.

எண்ணிப் பார்த்தேன். தஸ்பீஹ் ஒரு சுற்று முடிந்தது, இரண்டாம் சுற்று முடிந்தது, மூன்றாம் சுற்றில் பாதி. அதற்குப் பிறகுதான் நிமிடம் முடிந்தது.

மாமா போனதும் நான் இறுக்கினேன். அதற்குள் முக்கால் போத்தல் போய்விட்டது.

18, வியாழன்

உம்மாவின் முழங்கை மடிப்பிலிருந்து மேலே ஒரு சிவப்புக் கோடு. தொட்டால் கயிறு மாதிரி. சூடு.

காலையில் சின்ன டொக்டரும் இரண்டு ஆண் உதவியாளர்களும் வந்தார்கள். ஆண்கள் வந்ததும் உம்மா முக்காட்டை இழுத்தார், முந்தானையால் கையையும் மூடினார், ஊசி, குழாய் எல்லாவற்றோடும். இங்கே வந்த நாள் முதல் இப்படித்தான். டொக்டர் வந்தால் மூடுகிறார், போனால் திறக்கிறார். காட்ட வேண்டியவருக்கு மூடி, காட்டத் தேவையில்லாத எனக்குத் திறந்து.

"கை எப்பிடியம்மா?"

உம்மா தலையை ஆட்டினார், நல்லம் என்று.

கூடவே வந்திருந்த மாமா முன்னால் வந்து, "நேத்தைய போத்தலுக்குப் பிறகு முகத்தில ஒரு வெளிச்சம் வந்திரிக்கி பாருங்க டொக்டர்" என்றார். அது வெளிச்சமில்லை. காய்ச்சல்.

பா. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அவர்கள் போனதும், "புள்ள, உனக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா? சொல்லன்கா" என்றார்.

"நாளைக்குப் பெரிய டொக்டர் வருவார். அவரிட்டச் சொல்லுறன்."

"நாளைக்கும் மாமா வருவார்."

கோபம் வந்தது, பா. அக்கா மேல். உண்மையைச் சொன்னதால்.

மிஸ்ஸி உம்மாவின் மூத்திரத்தை நீல மருந்தில் ஊற்றிச் சுடவைத்துப் பார்த்தார். நீலமாகவே இருக்க வேண்டுமாம். செங்கல் நிறமாக வந்தது. "இவ்வளவு சீனியா? உங்கட உம்மாக்குச் சீனி வருத்தமும் இரிக்கா?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். கணையத்தில் நோய் உள்ளவருக்குச் சீனி தாங்காது என்று மிஸ்ஸி தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். அப்படியென்றால் அந்தப் போத்தலை ஏன் கொழுவினார்? துண்டில் குளுக்கோஸ் என்று மட்டும் இருந்ததாம். அலுமாரியில் இருந்ததை எடுத்தாராம். எல்லாரும் ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்கும்.

19, வெள்ளி

காலை 9. பெரிய டொக்டர் வந்தார். பின்னால் சின்ன டொக்டர், மிஸ்ஸி, உதவியாளர்கள். ஜும்ஆத் தொழுகைக்கு முன் ஒருமுறை பார்த்துப் போக மாமாவும் வந்திருந்தார், தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக. உம்மா வழக்கம்போல மூடிக்கொண்டார்.

"இடது கை எப்பிடி?"

"நல்லம் டொக்டர்" என்றார் மாமா.

நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். உம்மாவின் கை தோள்வரை எல்லாருக்கும் முன்னால் திறந்து கிடந்தது. உம்மா "அல்லாஹ்வே" என்று மற்றக் கையால் முகத்தை மூடினார். மாமா, "என்ன செய்யிறாய் நீ?" என்றார். நான் முந்தானையை விடவில்லை.

டொக்டர் குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு, "என்ன தண்ணி ஏத்தினது?"

மிஸ்ஸி குளுக்கோஸ் என்றார். "எந்தக் குளுக்கோஸ்?" ஒருவருக்கும் தெரியவில்லை. போத்தல் கழுவப் போய்விட்டது.

"இருபத்தஞ்சு எண்டு போட்டிருந்த" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "மாமா கிளிப்பத் திறந்து விட்ட. நிமிசத்துக்கு எண்பது சொட்டுக்கு மேல போன. நான் எண்ணின."

மாமாவின் முகம். அதை எழுத மாட்டேன்.

டொக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். "அவ்வளவு செறிவான குளுக்கோசைக் கைக்குழாய் தாங்காது. உள்பக்கம் வெந்து இரத்தம் உறைஞ்சு போச்சு. இந்தக் குழாய் இனி உதவாது" என்றார். ஊசியைக் கழற்றச் சொன்னார். கைக்கு மருந்து நனைத்த துணி. ஆபரேஷனுக்குக் கணுக்காலில் சிறிதாக வெட்டி, அங்குள்ள குழாயில் வழி எடுக்க வேண்டுமாம். சீனியை இறக்க ஊசியும் தொடங்க வேண்டுமாம்.

அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் மாமா சொன்னது: "வயித்த வெட்ட வந்த இடத்தில காலையும் வெட்டுறதா? நான் விடமாட்டன். ஊருக்குக் கூட்டிப் போறன். மத்தது, நீ. குமர்ப்புள்ள. நாலு ஆம்புளைக்கு முன்னால உம்மாட சேலைய இழுக்கிற. வாய் வளந்து போச்சு."

உம்மா முகத்திலிருந்து கையை எடுத்தார். "காக்கா, புள்ள இழுக்காட்டி நான் இன்னும் மூடிக்கிட்டுத்தான் கிடந்திருப்பன். நான் ஊருக்கு வரல்ல. ஜும்ஆக்கு நேரமாகுது, நீங்க போங்க."

மாமா போனார். சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். அது எனக்கு வந்த சோறு. பா. அக்காவின் வீட்டுக்காரர் இடியப்பம் கொண்டுவந்தார்.

21, ஞாயிறு

வாப்பா வந்தார். தறியை நிறுத்திவிட்டு, தம்பி தங்கச்சிகளைச் சாச்சி வீட்டில் விட்டுவிட்டு. ஆபரேஷன் கடுதாசியில் கையெழுத்து வைத்தார். கணுக்கால் விசயத்தை நானே விளங்கப்படுத்தினேன். வாப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நூல் அறுந்தா வேற நூல் எடுத்து முடிச்சுப் போடுறதில்லையா, அதுபோலத்தானே" என்றார். ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது அவருக்கு. ஆனால் வீட்டில் கடைசிச் சொல் அவருடையது இல்லை. ஏன் இல்லை?

இரத்தம் இரண்டு போத்தல் வேண்டும். வாப்பாவின் இரத்தம் சேரவில்லை. என்னுடையதை எடுக்க மாட்டார்களாம், நான் மெலிவாம். மாமாவுடையது சேர்ந்தது. வந்தார், கொடுத்தார். என்னோடு கதைக்கவில்லை. வாங்குப் பலகையில் வெளிறிப்போய் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டார். மற்றப் போத்தலை ஆசுபத்திரியே தந்தது.

இப்போது அவர் மேல் முழுதாகக் கோபப்படவும் முடியாது. அதுவும் எனக்குக் கோபம்.

22, திங்கள்

கா. 8க்கு உள்ளே கொண்டுபோனார்கள். உம்மாவின் மூக்குத்தியும் வளையலும் என் முடிச்சில்.

வெளியே வராந்தாவில் வாப்பா, மாமா, ஊரிலிருந்து வந்த நாலைந்து ஆண்கள். நான் தூணுக்குப் பின்னால். மாமா அவர்களிடம்: "என்ட இரத்தம்தான் ஏறுது உள்ளுக்கு. வேற என்ன வேணும்?" மூன்று தரம் கேட்டேன் இதை, மூன்று பேரிடம் சொல்ல.

பி.ப. 1.15. உம்மாவைக் கொண்டுவந்தார்கள். உயிருடன். அல்ஹம்துலில்லாஹ். டொக்டரின் சட்டை முதுகில் நனைந்திருந்தது. பையை இரைப்பையோடு இணைத்துவிட்டாராம். இடையில் இரத்தம் நிறையப் போனதாம். கணுக்காலால்தான் எல்லாம் உள்ளே போனது. "அந்தக் கால் வழி இல்லாட்டில் கஷ்டம்தான், பிள்ளை."

இன்னும் முடியவில்லை என்றார். இரத்தக் குழாய்கள் நிரம்பி ஓட்டம் சரியாக இருந்தால் மூத்திரம் இறங்கும். இறங்காவிட்டால் ஆபத்து. றப்பர் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே போத்தல். இறங்கினால் அளந்து சொல்ல வேண்டும்.

போத்தல் காய்ந்து கிடக்கிறது. 2 மணி. 4 மணி. 6 மணிக்கு அடியில் ஒரு கோடு, அதுவும் இருண்ட நிறம்.

23, செவ்வாய்

கா. 6. போத்தலில் ஒரு அவுன்ஸ்கூட இல்லை. டொக்டர் வந்து கணுக்காலின் உப்புத் தண்ணீரைக் கூட்டிவிட்டார், அதே வழியால் கொஞ்சம் இரத்தமும். உம்மாவின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், காலை அமுக்கிப் பார்த்தார். கூடியும் விடக் கூடாது, குறைந்தும் விடக் கூடாது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். வேறு ஒன்றும் எழுதும் நிலையில் இல்லை.

11.20. சொட்டியது. பிறகு நூலாக ஓடியது. 12 மணிக்கு மிஸ்ஸி வந்து போத்தலை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். தெளிந்த மஞ்சள். எத்தனையாம் கோடு என்று நானே வாசித்தேன்.

"போ, வாப்பாக்குச் சொல்லு. நான் டொக்டரக் கூப்பிடுறன்."

வராந்தாவில் எட்டு ஆண்கள். மாமா நடுவில், இரத்தக் கதையில். வாப்பா சுவரோரம் குந்தி, தலை கையில். நான் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. நேரே போனேன்.

"வாப்பா, உம்மாக்கு மூத்திரம் போயிட்டு."

எல்லாரும் திரும்பினார்கள். மாமா வாயைத் திறந்தபடி. பிறகு, "பொம்புளப் புள்ள சபையில கதைக்கிற கதையா இது?" என்றார்.

"ஆறு அவுன்ஸ் மாமா" என்றேன்.