சம்பந்தியின் மாடுகள்

கார்த்திகை, ஞாயிறு.

கடத்தூர்ச் சம்பந்தியோடு செல்போனில் ராஜா காலத்துப் போர் விளையாட்டு. வாராவாரம் தோற்கிறேன். இன்று கோட்டை உள்ள நாட்டை எடுத்து ஜெயித்துவிட நினைத்திருந்தேன். ஆனால் பெண் கொடுத்தவரை முந்திக்கொண்டு எப்படி எடுப்பது?

"நீங்க மொதல்ல எடுங்க சம்பந்தி" என்றேன் போனில்.

"வாத்தியார் இருக்கையில நானுங்களா? நீங்க எடுங்க."

"நீங்க பெரியவங்க."

"ரெண்டு மாசந்தானுங்க பெரியவன்."

கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்பது போலத்தான். எடுக்கும் நேரம் முடிந்து விளையாட்டே நாடுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அவருக்குக் கோட்டை. எனக்குக் குதிரைக் கொள்ளைக்காரர்கள்.

"மாமா, எங்கப்பா வூட்டக் கொளுத்திடாதீங்க" என்று மருமகள் சிரித்தாள்.

கொளுத்தவில்லை. மதிலுக்கு வெளியே மேய்ந்த மாடுகளை மட்டும் ஓட்டி வந்தேன்.

"சீர்ல ஏதாச்சும் கொற வெச்சமுங்களா சம்பந்தி, மாட்ட ஓட்டிக்கிட்டுப் போறீங்க?" என்றார். சிரித்துக்கொண்டே மிச்ச மாடுகளையும் ஓட்டினேன்.

மாடுகள் போனதால் உள்ளே சாப்பாடு தீர்ந்து கோட்டை தானாகத் திறந்தது. என் முதல் வெற்றி.

திருடக் கூடாது என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு எத்தனை உதாரணம் சொல்லியிருப்பேன். அடுத்த ஞாயிறு அவர் எடுக்கச் சொன்னால், கூசாமல் கொள்ளைக்காரர்களையே எடுப்பேன்.