சிட்டு ஒட்டிய மீன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று தொடங்கித்தான் கை பழகியிருக்கிறது. இந்த முறை அந்தச் சொல் வர மறுக்கிறது. நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் நலமாக இருங்கள்.

அவரை விசாரணைக்கு அழைத்துக்கொண்டு போய் இன்றோடு பதினோரு நாள். "ஒரு ஸ்டேட்மென்ட்தாம்மா, அரை மணி நேரத்துல அனுப்பிடுவோம்" என்றார்கள். பாதி குடித்த டீயை மூடி வைத்துவிட்டுப் போனார். நானும் அரை மணி நேரம் கழித்துச் சூடு பண்ணி வைத்தேன். அவ்வளவு பைத்தியக்காரி.

செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் பகுதியில் ஆறு குழந்தைகள் வாந்தியிலும் பேதியிலும் போய்விட்டன. குழாய்த் தண்ணீர்தான் காரணம். பரிசோதனைக்கூட உதவியாளர் நான்கு நாள் தண்ணீரைச் சோதிக்கவே இல்லையாம், பதிவேட்டில் அந்த நாட்களுக்குப் பக்கமே இல்லையாம். துறை அறிக்கை விட்டிருக்கிறது. அந்த உதவியாளர் உங்கள் மாப்பிள்ளை. அண்ணா, காலையில் தண்ணீரைச் சோதிக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனுஷர் அவர். அந்த நான்கு நாளும் வீட்டுக்கு வந்து, "குளோரின் இறங்கிட்டே இருக்கு, தொட்டியை மூடுங்கன்னா மேல காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாங்க" என்று புலம்பினார்.

அந்த வாரம் நாங்கள் கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடித்தோம். அக்கம்பக்கத்தில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "பீதியைக் கிளப்பினேன்னு என்னையே பிடிப்பாங்க. எழுத்துல கொடுத்திருக்கேன், நாளைக்கு மூடிடுவாங்க" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அவரை எங்கே வைத்து விசாரிக்கிறீர்கள் என்று துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "எந்த விசாரணை?" என்றார் மேஜைக்காரர். "தண்ணி விசாரணை சார்." "அப்படி ஒண்ணு நடக்குதா? நீங்க சொல்லித்தாம்மா எனக்கே தெரியுது" என்றார். அவர் கைக்குக் கீழே இருந்த கோப்பின் முகப்பில் எங்கள் பகுதியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

அதே துறையின் தலைமை அலுவலகத்தில் நீங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர். எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவர் எங்கே என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். போனில் பேசாதே என்று நீங்கள் சொன்னதால்தான் எழுதுகிறேன். ஆனால் உங்கள் போன கடிதத்தின் உறையில் பசை இரண்டு தடவை தடவியிருந்தது. பசை மிச்சமாகிவிட்டதா அண்ணா?

உங்கள் அன்புத் தங்கை


மார்ச் 12

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி படித்துவிட்டு அழுதாள். எனக்கு அழக்கூட நேரமில்லை, அலுவலகம் அப்படிக் கிடக்கிறது.

முதலில் ஒன்று. இப்படியெல்லாம் எழுதாதே, அம்மாடி. பசை விஷயத்தில் சும்மா மிரளுகிறாய். மழையில் நனைந்திருக்கும், தபால்காரர் ஒட்டியிருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மாப்பிள்ளை சௌக்கியம். விசாரித்துவிட்டேன். மின்விசிறி உள்ள அறை, நேரத்துக்குச் சாப்பாடு. எங்கே என்று கேட்காதே. பிடிவாதம்தான் அவருக்கு எதிரி. 'என் கவனக்குறைவால் நான்கு நாள் சோதனை விடுபட்டது' என்று ஒரே வரி. கையெழுத்துப் போட்டால் மறுநாள் வீட்டில் இருப்பார். பதவி உயர்வு கொஞ்சம் தள்ளிப்போகும், வேறு ஊருக்கு மாற்றுவார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இருக்க வேண்டியதுதான். 'பாப்பாவுக்காகக் கையெழுத்துப் போடுங்கள்' என்று நீ ஒரு சீட்டு எழுதி அனுப்பு. நான் சேர்ப்பிக்கிறேன்.

சிட்டு இன்னும் எல்லாரையும் அதட்டுகிறாளா? ஆடிய பல் விழுந்ததா? மாமா கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. எதிர்வீட்டு நர்ஸ் தன் அக்காவைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறாள். "உங்க அண்ணன் கையிலதான் கொடுப்பேன், அண்ணி கேட்டாக்கூட மூச்சு விட மாட்டேன்" என்று உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அண்ணா, இங்கே மழை பெய்து நான்கு மாதம் ஆகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவர் எங்கே என்று சொல்ல முடியாத உங்களுக்கு, அவர் முன்னால் வைத்திருக்கும் தாளில் இருக்கும் வரி எப்படித் தெரிந்தது? தவறாக நினைக்காதீர்கள். இப்போதெல்லாம் பால்காரர் மணியடித்தாலே இவரை யார் அனுப்பினார்கள் என்றுதான் புத்தி போகிறது. நீங்கள் கேட்ட சீட்டை என்னால் எழுத முடியவில்லை. ஐந்து தடவை உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று இரண்டு பேர் வந்து வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். உத்தரவுக் கடிதம் உண்டா என்று கேட்டேன். "படிச்ச பொண்ணா?" என்றார் ஒருவர், வியாதியைக் கேட்பது போல. சிட்டு வாசலில் கையை விரித்து மறித்தாள். "ஷூவைக் கழட்டுங்க, அம்மா இப்பத்தான் துடைச்சாங்க." "சரிங்க மேடம்" என்று சிரித்துவிட்டு ஷூவோடு உள்ளே போனார். உங்கள் மாப்பிள்ளையின் டைரி, என் போன், சுவர்க் காலண்டர் எல்லாம் போயிற்று. சிட்டுவின் ஒட்டுப்பட நோட்டுகளைக் காலால் தள்ளிவிட்டுப் போனார்கள்.

அவற்றை அடுக்கும்போதுதான் பார்த்தேன்.

அவர் தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு லேபிள் ஒட்டுவார். தேதி, குழாய் எண், குளோரின் அளவு, தன் கையெழுத்து. அளவு குறைந்தால் பாட்டிலையே மாடிக்குக் கொண்டுபோய்ப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். பார்த்ததற்கு அடையாளமாகப் பொறியாளர் லேபிளின் ஓரத்தில் பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார். சோதனை முடிந்து பாட்டிலைக் கழுவும்போது லேபிள் உரிந்து வரும், குப்பைக்குப் போகும். குப்பைக்குப் போவதைத்தான் இவர் காயவைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார், மகள் ஒட்டி விளையாட. அவள் அதில் மீன் செய்வாள். ஒவ்வொரு லேபிளும் ஒரு செதில்.

அண்ணா, அந்த நான்கு நாளும் மீன் மேல் இருக்கிறது. முப்பத்திரண்டு செதில். பதினொன்றில் பச்சை மை. அவர் சோதித்தார். மாடிக்குத் தெரியும்.

நான் என்ன செய்யட்டும்? உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் அன்புத் தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

அந்த நோட்டை வீட்டில் வைத்திருக்காதே. படம் எடுக்காதே, யாரிடமும் காட்டாதே. ஆள் அனுப்புகிறேன், அவரிடம் கொடுத்துவிடு. குழந்தைகள் சாவை விசாரிக்கப் போட்டிருக்கும் நீதிபதியிடம் நானே நேரில் சேர்ப்பேன். என்னை நம்பு.

அண்ணன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. உங்கள் ஆள் நேற்றே வந்துவிட்டார். "மீன் ஒட்டின நோட்டு இருக்காமே, கொடுங்க" என்றார். ஐந்து நாள் முன்பு என் வீட்டில் ஷூவைக் கழற்றாத அதே ஆள். நேற்றும் கழற்றவில்லை. நீதிபதிக்கு நோட்டு கொண்டுபோக உங்களுக்குக் கிடைத்தவர் இவர்தானா?

தபாலில் பிரித்துப் படித்திருப்பார்கள் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அந்தக் கடிதம் தபால் பெட்டியைப் பார்க்கவே இல்லை. உங்கள் கையிலேயே கொடுத்தாளாம், நீங்கள் வாசலிலேயே நின்று படித்தீர்கள் என்று நர்ஸ் சொல்கிறாள். படிக்கும்போது உட்கார்ந்துவிட்டீர்களாம்.

முதல் தடவையாக உங்கள் கடிதத்தில் சிட்டுவைக் கேட்கவில்லை. அப்போதே தெரிந்தது.

நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நிம்மதியாக இருங்கள்.

தங்கை


மார்ச் 26

அம்மாடி,

இதை நானும் தபாலில் போடவில்லை. மறுபடி அக்காவைப் பார்க்க வந்த உன் நர்ஸிடமே கொடுத்திருக்கிறேன்.

பதிவேட்டில் பக்கம் இல்லை என்று சான்று கொடுத்தது நான்தான். என் மேஜைக்கு வரும்போதே அந்தப் பக்கம் இல்லை. பார்த்தேன், இல்லை, 'இல்லை' என்று எழுதினேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? மாப்பிள்ளைமேல் இது வந்து விழும் என்று அன்றைக்குத் தெரியாது. தெரிந்தபோது என் கையெழுத்து காய்ந்துவிட்டது. அவரை எப்படியாவது சீக்கிரம் வெளியே கொண்டுவரத்தான் மீனைப் பற்றி மேலே சொன்னேன். நோட்டைக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். நம்பினேன். எனக்கும் இரண்டு பெண்கள். குடியிருப்பது துறை கொடுத்த வீடு.

நேற்று அந்த நோட்டை என்னிடமே சரிபார்க்கக் கொடுத்தார்கள். பிரித்தேன். வால் கிழிந்த மீன். செதில் அத்தனையும் போன வருடத் தேதி. ஒன்றில்கூடப் பச்சை மை இல்லை.

'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த ஒன்றாவது உனக்காகச் செய்தேன். மற்ற மீனை எரித்துவிடு. காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணனுக்கு,

என்னை ரொம்பக் கெட்டிக்காரி என்று நினைத்துவிட்டீர்கள். அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஆள் மீனைக் கேட்டதும் சிட்டுதான், "எந்த மீன்? பெரிசா, சின்னதா?" என்றாள். "மீன்னா மீன்தான் பாப்பா, கொடு" என்றார் அவர். இவள் கஞ்சப்பிசினாறி, தனக்குப் பிடிக்காததை எடுத்துக் கொடுத்தாள். அவர் பிரித்துத் தேதியைக்கூடப் பார்க்கவில்லை. பார்ப்பது அவர்களுக்கு வழக்கமில்லை போலிருக்கிறது.

நீங்கள் பார்த்தீர்கள். பார்த்தும் சொல்லவில்லை. அதற்கு நன்றி. ஆனால் பதிவேட்டையும் நீங்கள் பார்த்தீர்கள் அண்ணா. நூல் தைத்த இடத்தில் கிழிந்த ஓரம் ஒட்டிக்கொண்டிருக்காதா? பக்கம் இல்லை என்று எழுதிய கைக்கு, பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது என்று எழுத இன்னும் எத்தனை மை ஆகியிருக்கும்?

பெரிய மீனை எரிக்கவில்லை. லேபிள்களை ஈரத்துணி வைத்து ஒவ்வொன்றாக உரித்தேன். பச்சை மை உள்ளவற்றில் ஆறை எடுத்து, குழாய் எண் பார்த்து, அந்தந்தத் தெருவில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொருத்தியிடமும் நாங்கள் கொதிக்க வைத்துக் குடித்ததையும் சொன்னேன். ஐந்தாம் எண் குழாய்த் தெருக்காரி முகத்தில் அறைந்தது போலக் கதவைச் சாத்தினாள். அரை மணி நேரம் வாசலிலேயே நின்றேன். திறந்து, "சீட்டைக் கொடு" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பொது விசாரணை. யார் வேண்டுமானாலும் வரலாம். கிழிந்த ஓரத்தைப் பார்த்தேன் என்று ஒரே வரி சொல்லுங்கள். நீங்கள் அவரிடம் கேட்டதும் ஒரே வரிதானே. என் பக்கத்தில் ஒரு நாற்காலி பிடித்து வைக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 14

பிரிவுக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை நேற்று வீட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போடவில்லை. இத்தனை நாள் ஏன் வைத்திருந்தார்கள் என்பதற்குத் தாள் எதுவும் தரவில்லை. கேட்டதற்கு, "உங்களை யாரு வெச்சிருந்தா?" என்றார்களாம். உள்ளே வந்ததும் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். குடிக்கவில்லை.

விசாரணையில் ஆறு பேரும் ஆறு லேபிளை மேஜைமேல் வைத்தார்கள். இது உங்கள் ஒப்பமா என்று பொறியாளரைக் கேட்டார் நீதிபதி. பொறியாளர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அது கரையான் அரித்ததால் அழிக்கப்பட்டுவிட்டது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சான்று வந்தது. கையெழுத்து தெரிந்த கையெழுத்து. பொறியாளரை மாற்றிவிட்டார்கள், மேல் பதவிக்கு என்று பேச்சு. ஆனால் லேபிள்கள் நீதிபதியின் கோப்பில் எண் போட்டு ஏறிவிட்டன. அவற்றைக் கரையான் தின்றால் இந்த முறை ஆறு பேர் கேட்பார்கள்.

சிட்டுவுக்குப் பல் விழுந்துவிட்டது. நீங்கள் கேட்டிருந்தீர்கள்.

விசாரணை அன்று பத்து மணியிலிருந்து என் பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தேன். கூட்டம் நிறைந்து நிற்க இடமில்லை. பன்னிரண்டு மணி சுமாருக்கு, அந்த ஐந்தாம் எண் குழாய்த் தெருக்காரி கால் கடுக்க வந்து என் அருகில் நின்றாள்.

"யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்லை. உட்காருங்க."

இப்படிக்கு,
பரிசோதனைக்கூட உதவியாளரின் மனைவி