படிக்கட்டு நம் பங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் இருமல் விட்டிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, வெறும் வயிற்றில் காபியை ஊற்றிக்கொண்டு ஓடாதே. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால் கூரியரில் அனுப்புகிறேன், முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

பெரிய வீட்டை நீ பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. நாற்பத்திரண்டு அறை இருந்த மாளிகை என்று இப்போது சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். உன் தாத்தாவும் அவர் அண்ணன் தம்பிகளும் பாகம் பிரித்தபோது கூடத்தின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டார்களாம், ஒரு ஜன்னலின் இரண்டு கதவும் இரண்டு குடும்பத்துக்குப் போனதாம். பிறகு ஒவ்வொருவராக விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். விருந்துக்கூடம் இருந்த இடத்தில் கார் ஷோரூம், குதிரை லாயத்தில் மருந்துக்கடை. இன்றைக்கு மிச்சம் நிற்பது ஒரு கீழறை, அதன் மேல் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். மேலறை உன் அத்தைக்கு, கீழறையும் படியும் உன் அப்பாவுக்கு. படி யார் பேரில் இருந்தால் என்ன, ஏறி இறங்கப்போவது நாம்தானே என்று அக்காவும் தம்பியும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்களாம்.

அத்தைக்கு எழுபத்தொன்று முடிந்துவிட்டது. முழங்கால் மடங்காது, கண்ணிலும் புரை. கயிற்றில் கூடையை இறக்கித் தக்காளி வாங்குகிறார், ஒன்று அழுகியிருந்தாலும் அதே கூடையில் திருப்பி அனுப்பிவிட்டு மேலிருந்தே காய்காரரை ஒரு பிடி பிடிக்கிறார். பக்கத்துத் தெருவில் என்னோடு வந்து இருங்கள் அண்ணி என்று நானும் கெஞ்சாத நாள் இல்லை. இந்த வீட்ல இருந்து எறங்கினவங்க யாருமே திரும்ப ஏறல, நான் எறங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

இப்போது என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். ஷோரூம்காரர் நம் பங்கைக் கேட்டு நடையாக நடந்தார். வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம், மேலறைக்கு இரும்பு ஏணி வைத்துத் தருவாராம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படி போனால் அத்தை வேறு வழியில்லாமல் என்னிடம் வந்துவிடுவார் என்று உள்ளூர ஒரு கணக்கு. புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்பா இல்லாததால் வாரிசு என்று உன் கையெழுத்தும் வேண்டுமாம், அந்தக் காகிதத்தைத்தான் சும்மா ஒரு காகிதம் வரும், போட்டு அனுப்பு என்று போன வாரம் உன்னிடம் சொன்னேன். அது சும்மா இல்லை.

நேற்று ஷோரூம் ஆட்கள் வந்து படியை அளந்திருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை இடிப்பு என்று கீழே நின்று பேசியது அத்தை காதில் விழுந்துவிட்டது. உடனே எனக்கு ஆள் அனுப்பினார். நான் மூச்சு வாங்கப் படியேறிப் போனால், எதற்குத் தெரியுமா, அந்தப் படியை இடிக்கக்கூடாது என்று அதிகாரிக்கு மனு எழுத. அவருக்குக் கண் தெரியாது, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டுமாம். யாரு வித்தாங்கன்னு தெரியல, யாரா இருந்தாலும் ஒரு கெழவிய மேல நிக்க வச்சுட்டு படிய உருவின பாவம் சும்மா விடாது, இத அப்படியே எழுதும்மா என்றார். படி நம் பேரில் இருப்பதை மறந்துவிட்டாரா, தெரிந்தேதான் சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை, எழுதினேன். நான் பாதியில் பேனாவை வைத்த சத்தம் கேட்டு, பயப்படாதே, நீ இருக்கும்போது எனக்கென்ன என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். நான்தான் அண்ணி என்று சொல்ல வாய் திறந்தேன், அடுத்த வரி என்ன அண்ணி என்றுதான் கேட்டேன்.

ராத்தூக்கம் போய்விட்டது. இன்று சாயங்காலம் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன், திட்டினால் வாங்கிக்கொள்வேன். நீ மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சண்டை போடாதே, தலைக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயசு நன்றாக இரு. அந்த உறை வந்தால் மட்டும் கையெழுத்துப் போடாதே, மறந்துவிடாதே.

மனுவை முடித்ததும் சாட்சியாக நீயும் போடு என்றார் அத்தை, போட்டேன். படியை விற்ற பத்திரத்திலும் என் கையெழுத்து, அதை இடிக்காதே என்கிற மனுவிலும் என் கையெழுத்து. இரண்டில் எது செல்லும் என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா