மாட்டுக் கொட்டகைக் கேமரா

அன்புள்ள நைனாவுக்கு, புனேயிலிருந்து ஸ்வர்ணா. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா?

கொட்டகையில் கேமரா வைத்ததிலிருந்து செவலைப் பசுவை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன். எவ்வளவு சுலபம் என்று ஆபீசில் பெருமையடித்தேன். பால் கறந்ததும் நீங்கள் தினமும் கேமரா முன்னால் வந்து நிற்பீர்கள். தூசி துடைக்க வருகிறீர்கள் என்று நினைத்தேன். வேலைக்கு இடைஞ்சலென்று சத்தத்தை முதல் நாளே நிறுத்திவிட்டிருந்தேன், நைனா.

நேற்று சத்தப் பொத்தானில் கை தவறிப் பட்டு, உங்கள் குரல் வந்தது.

"ஸ்வர்ணா, துன்னியாம்மா? பதிலு சொல்லாட்டி பரவால்ல, நீ வேல பாத்துக்கினு இரு."

போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருப்பதியிலிருந்து யாராவது ரயிலில் வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். இங்கே சோறு இறங்கவில்லை.

அந்தக் கேமராவில் நானும் பேசலாமாம். கடிதம் கிடைத்ததும், காலையில் இன்னொரு தடவை கேளுங்கள்.

உங்கள் மகள்,
ஸ்வர்ணா